பிரார்த்தனை மணி முதல் ஆட்டக்களம் வரை

2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 91.75 பேர், தமிழ்நாடு முழுமைக்கும் அந்த விகிதம் 80.09 என்பதை உடன் வைத்துப் பார்க்கும்போது, இத்தென்கோடி நிலத்துக்கு வாய்த்த பேறு எத்தகையது என்பது விளங்கும். இப்பேற்றுக்குக் காரணம் கூற வருவோர், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கல்வி நாட்டத்தையும், கிறிஸ்தவ மிஷன் பள்ளிக்கூடங்களின் தொண்டையும், அவற்றைக் கண்டு தாமும் பள்ளி நிறுவ முற்பட்ட பிற சமூகத்தாரின் ஊக்கத்தையும் வரிசையாக எடுத்துரைப்பது வழக்கம். அதில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும், மிஷன் பள்ளிகளின் கொடையை எழுத்தறிவு என்னும் ஒரே அளவுகோலால் அளந்து முடித்துவிடுவோர், அப்பள்ளிகளில் ஒரு மாணாக்கன் காலை மணி முதல் மாலை மணி வரை வாழ்கின்ற வாழ்வைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். கூடி நின்று பிரார்த்திப்பது, தாளம் தவறாமல் பாடுவது, கையால் ஒரு பொருளைச் செய்து பழகுவது, ஒரே திண்ணையில் அமர்ந்து உண்பது, மாலையில் ஆட்டக்களத்தில் இறங்குவது ஆகிய இவையெல்லாம் பாடத்துக்குப் பின்னர் ஒட்டவைத்த அலங்காரங்கள் என்று இன்று பலரும் எண்ணுகிறார்கள். நாஞ்சில் நாட்டு மிஷன் பள்ளிகளின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், இவை எழுத்துப் பயிற்சியோடு ஒரே நாளில், ஒரே நோக்கத்தோடு ஊன்றப்பட்டவை என்பது தெரியவரும். அவ்வாறு ஊன்றப்பட்டவற்றை மதிப்பெண்ணின் பொருட்டு நாமே ஒவ்வொன்றாகப் பிடுங்கி வருகிறோம் என்பது என் முறையீடு.

பள்ளி நாள் மணியோசையில் தொடங்குகிறது. இக்கடற்கரைக்கு மணியோசையும் பாடமும் சேர்ந்தே வந்தன என்று கூறுவது மிகையாகாது. பிரான்சிஸ் சவேரியார் 1540-களில் இக்கரையோர ஊர்களில் கையில் ஒரு சிறு மணியை ஏந்தித் தெருத்தெருவாக நடந்து, சிறுவர்களைக் கூட்டி, தமிழில் பெயர்த்தெழுதச் செய்த ஜெபங்களை அவர்களுக்கு மனனம் செய்வித்தார் என்பது அவருடைய கடிதங்களாலேயே தெரியவருகிறது. அந்தக் கைமணி இன்று பள்ளி முற்றத்துப் பெருமணியாகவும் மின்மணியாகவும் மாறியிருக்கிறது. ஆனால் மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாக, உயர வரிசையில், வேப்பமர நிழலிலோ வெயிலிலோ பிள்ளைகள் வந்து நிற்கும் அந்தக் காலைக் கூட்டம் மாறவில்லை. ஒரு கீர்த்தனை, வேதபாகம் ஒன்று, ஒரு ஜெபம், அதன்பின் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், அன்றைய செய்திகள், உறுதிமொழி. கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தச் சடங்கைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிடுவோர், அதில் ஒரு பிள்ளை என்னவெல்லாம் கற்றுக்கொள்கிறது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

வேதபாகம் வாசிக்க முன்னே வருகிற ஏழாம் வகுப்புச் சிறுமி, வீட்டில் ஒருபோதும் உரத்துப் பேசியறியாதவளாக இருக்கலாம். அவள் கையிலிருப்பது, சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் 1871-ஆம் ஆண்டுத் திருப்புதல். அதன் நடை இன்றைய பேச்சுக்கும் பத்திரிகைக்கும் வெகு தொலைவிலுள்ள நீண்ட வாக்கியங்களும், வடமொழிச் சொற்களும், கம்பீரமான வினைமுற்றுகளும் கொண்டது. எங்கே மூச்சு விடுவது, எங்கே குரலை இறக்குவது என்று முந்தின நாள் மாலையே தமிழாசிரியையிடம் கேட்டுப் பழகிக்கொண்டு, ஆயிரம் பேர் முன்னிலையில் அவள் அதை வாசித்து முடிக்கும்போது, அவளுக்குக் கிட்டுகிற தைரியத்தை எந்தத் தேர்வுத்தாளும் அளந்து சொல்லாது. நாஞ்சில் நாட்டிலிருந்து புறப்பட்ட வழக்கறிஞர்களும், மேடைப் பேச்சாளர்களும், ஆசிரியர்களும், செவிலியர்களும் தம் குரலை முதன்முதலில் கண்டுகொண்ட இடம் எதுவென்று கேட்டால், அவர்களில் பலர் இந்த முற்றத்தையே சுட்டுவார்கள்.

பாட்டு அதனினும் பெரிய பாடம். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாடலின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலாகப் பலர் இயற்றிய சாகித்தியங்கள் அவை. மயிலாடியில் பிறந்து, நாகர்கோவிலில் மிஷன் கல்வி பெற்று, கிறிஸ்தாயனம் என்னும் காவியத்தைப் பாடிய ஜான் பால்மரும் இம்மரபைச் சேர்ந்தவரே. சங்கீத சபைகளின் வாசலை மிதிக்க வழியில்லாத பனையேறியின் மகனும், நெசவாளியின் மகளும், ஆனந்தபைரவியையும் செஞ்சுருட்டியையும், அவற்றின் பெயர் தெரியாமலே, காதிலும் தொண்டையிலும் பதியவைத்துக்கொண்டது இக்காலைக் கூட்டத்தில்தான். கூட்டாகப் பாடும்போது தன் குரல் பிறர் குரலை மீறாமலும், பிறர் குரலில் கரைந்து போகாமலும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அறிகிறார்கள். இதற்கு மேலான ஜனநாயகப் பயிற்சி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இப்பள்ளிகளில் பயில்வோருள் கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகள் ஏராளம். அரசின் உதவிபெறும் பள்ளியில் பயிலும் எவரையும், அவருடைய சம்மதமின்றி, சிறுவராயின் பெற்றோருடைய சம்மதமின்றி, மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறக் கட்டாயப்படுத்தலாகாது என்பது நம் அரசியல் சாசனத்தின் 28-ஆம் விதி. கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்குச் செல்லும் அதே வேளையில் மற்றப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு நடத்துவது நல்ல நிர்வாகங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் முறை. அந்த நீதிபோதனை வகுப்பைப் பெயருக்கு நடத்தி, பிள்ளைகளை வெறுமனே உட்காரவைக்கும் பள்ளிகளும் உண்டு, அது தவறு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த தேரூருக்கு அருகிலேயே இருந்துகொண்டு, பிள்ளைகளுக்கென்றே அவர் பாடிய பாடல்களை அவ்வேளையில் பாடச் செய்தாலே போதும், அந்த மணி பயனுள்ள மணியாகிவிடும்.

இப்பள்ளிகள் எவ்வாறு தோன்றின என்பதை அறியாமல் அவற்றின் நாளொழுங்கின் பொருளை அறிய இயலாது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர், சிதம்பர யாத்திரை சென்ற வழியில் 1799-இல் தஞ்சாவூரில் மிஷனரி கோலாப் ஐயரைக் கண்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அவர் பிறந்த குலத்தார்க்குக் கோயில் வீதியும் மறுக்கப்பட்ட காலம் அது. கல்வியோ எண்ணிப் பார்க்கவும் கூடாத பொருள். அவருடைய வேண்டுகோளின் தொடர்ச்சியாக, லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியரான வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே 1806-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது; அதனையொட்டிப் பாடமும் தொடங்கியது. மணலிலும் ஓலையிலும் எழுதிப் பழகிய அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன உபாத்தியாயரே பெரும்பாலும் சபையின் உபதேசியாராகவும் இருந்தார். 1816-இல் ரிங்கல்தௌபே உடல் நலிந்து ஊரை விட்டுச் சென்றபோது, சபைகளைக் காத்து நின்றவர் வேதமாணிக்கம்.

பின்னர் வந்த சார்ல்ஸ் மீட் 1818-இல் நிலையத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அப்போது திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாயி, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் முயற்சியால், நாகர்கோவிலில் ஒரு மனையையும், வித்தியாசாலையின் பராமரிப்புக்காக நெல்வயல் வாங்க 5,000 ரூபாயையும் அளித்தார் என்பது பதிவாகியுள்ள செய்தி. இந்து சமஸ்தானத்தின் அரசி வழங்கிய பொருளால் வாங்கிய நாஞ்சில் வயலின் நெல், கிறிஸ்தவப் பள்ளியில் ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் படிக்க உதவியது. அந்த விதை வளர்ந்தே 1893-இல் கல்லூரி வகுப்புகள் சேர்ந்து ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. லண்டன் மிஷன் என்ற பெயர் 1947-க்குப் பின் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்துவிட்ட போதிலும், மார்த்தாண்டத்தில் எல்.எம்.எஸ். என்னும் மூன்றெழுத்து இன்னும் பள்ளியின் பெயரில் நின்றுகொண்டிருக்கிறது.

சாதியின் சுவடு ஞானஸ்நானத்தோடு அழிந்துவிடவில்லை. ஆலயத்திலும் பள்ளியிலும் அது நெடுநாள் தொடர்ந்தது, சில இடங்களில் இன்றும் தொடர்கிறது. இதனை மறைத்து மிஷன் சரித்திரம் எழுதுவது அந்தச் சரித்திரத்துக்கே இழுக்கு. ஆனாலும், வீதியில் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்த பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் ஒரே பாட்டைப் பாடி, ஒரே தண்ணீரைக் குடித்தது, அக்காலத்தில் எந்தப் பாடப்புத்தகத்தைக் காட்டிலும் வலிய கல்வியாக இருந்தது.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை முற்றிலும் ஆட்கொள்வது பெண் கல்வியின் தொடக்கம். சார்ல்ஸ் மால்ட் என்பவரும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா அம்மையார் சிறுமிகளுக்கென ஒரு விடுதிப் பள்ளியை நிறுவினார். இன்று நகரின் நடுவே டதி பெண்கள் மேல்நிலைப்பள்ளி என்று வழங்குவது அந்த மரபின் வழிவந்ததே. சிறுமிகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் இசையாத காலம். அனுப்பினாலும் அவர்கள் வயலில் ஈட்டக்கூடிய கூலி போய்விடும் என்ற கவலை. அம்மையார் செய்த ஏற்பாடு மிக நுட்பமானது. முற்பகலில் எழுத்தும் கணக்கும் கற்பித்த அதே சிறுமிகளுக்கு ரேந்தை (லேஸ்) பின்னவும் கற்பித்தார். 1821 வாக்கில் தொடங்கிய அந்த நாகர்கோவில் ரேந்தை கடல் கடந்து விற்பனையாயிற்று. அதன் வருவாய் பள்ளியையும் தாங்கியது, பின்னிய கைகளுக்கும் கூலி தந்தது. அச்சிறுமிகளில் சிலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை அறவே ஒழிந்தது 1855-இல்தான்; அதற்கு வெகு முன்னரே இப்பள்ளிச் சிறுமிகள் சிலர் ரேந்தை பின்னி ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறு கூறுகிறது.

இதனை வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது. நூலுருட்டும் கட்டைகளையும் ஊசிகளையும் முன்னே வைத்துக்கொண்டு, தலையணையொன்றின் மேல் குனிந்து, இழை இழையாகப் பூவும் இலையும் வரைந்த ஒரு சிறுமி, தன் கைவேலையினாலேயே தன்னை விலை கொடுத்து மீட்டுக்கொண்டாள் என்றால், அவ்வேலையைக் கல்விக்குப் புறம்பானது என்று எவர் சொல்லத் துணிவார்? தோளை மறைத்து ஆடை உடுத்தும் உரிமைக்காக இந்நிலத்துப் பெண்கள் 1820-களிலிருந்து போராடி 1859-இல் அரச விளம்பரம் ஒன்றைப் பெற்றார்களே, அந்தத் துணிவுக்குப் பின்னாலும் எழுத்தும் கைத்தொழிலும் சேர்ந்து பயின்ற இத்தகைய பெண்கள் இருந்தார்கள். தொழில் வகுப்பு என்றும் தையல் வகுப்பு என்றும் கால அட்டவணையின் ஓரத்தில் ஒதுக்கி, தேர்வு நெருங்கியதும் அறிவியல் ஆசிரியருக்குக் கொடுத்துவிடுகிறோமே, அந்த மணியின் பூர்வீகம் இது.

பள்ளிக் கதவு திறந்ததனாலேயே வீட்டுக் கதவும் திறந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் வெளியிட்ட ‘புத்தம் வீடு’ நாவலை வாசித்தவர்கள் லிஸியை மறந்திருக்க மாட்டார்கள். பனைவிளைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பள்ளியில் ஆசையோடு படித்துக்கொண்டிருந்த அச்சிறுமி, பெரியவளானதும் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். மிஷன் பள்ளிகள் தோன்றி நூறாண்டு கடந்தபின்னும் குடும்ப கௌரவம் என்ற பெயரில் ஒரு பெண்ணின் படிப்பு நின்றது என்ற உண்மையை, அச்சமூகத்துக்குள்ளிருந்தே ஒரு பேராசிரியை எழுதினார். அந்நாவலை இம்மாவட்டத்துக் கிறிஸ்தவப் பள்ளிகளின் நூலகம் ஒவ்வொன்றிலும் மாணவிகள் கையெட்டும் தட்டில் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

ஆண் பிள்ளைகளின் கைத்தொழிலுக்கும் இம்மண்ணில் ஒரு முன்மாதிரி உண்டு. 1920-களில் மார்த்தாண்டத்தில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராம புனருத்தாரண நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், ரப்பரும் பலாவும் புளியும் பூக்கும் அந்த மேட்டு நிலத்துக் குடியானவர்களுக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கவும், நல்லினக் கோழிகளைப் பேணவும், கூட்டுறவாக விற்கவும் பயிற்சி அளித்தார். மார்த்தாண்டம் தேன் இன்று புவிசார் குறியீடு பெற்று விளங்குவதற்கு மூலம் அந்தப் பயிற்சியே. ஆயினும், மார்த்தாண்டத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு தேன்பெட்டியைத் திறந்து ராணித் தேனீயைக் கண்டிருப்பார்கள்? உயிரியல் பாடத்தில் தேனீயின் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, முழு மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்கு, வேலிக்கு அப்பால் நிற்கும் பெட்டியைத் திறக்க ஒரு மணி நேரம் ஒதுக்குவதில் பள்ளிக்கு என்ன நஷ்டம்?

நடுப்பகல் உணவு வேளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இம்மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்த காலத்தில்தான் காமராஜரின் மதிய உணவுத் திட்டமும் பரவத் தொடங்கியது. பின்னாளில் 1969-லும் 1971-லும் நாகர்கோவில் மக்கள் அவரைத் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினராக அனுப்பினார்கள். காலை உணவுத் திட்டம் அரசு உதவிபெறும் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது 2024 ஜூலை 15-இல், அவருடைய பிறந்த நாளில். அதன் தொடக்க விழாவும் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியிலேயே நடந்தது. வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொண்டுவருகிற பிள்ளையும், சத்துணவுத் தட்டை ஏந்துகிற பிள்ளையும், அவியலும் மோரும் கொண்டுவருகிற பிள்ளையும் ஒரே திண்ணையில் அமர்ந்து, ஒருவர் கறியை மற்றவர் தொட்டுக்கொள்கிற அந்த அரைமணி நேரம் சாதாரணமானதன்று. கட்டணப் பள்ளிகளில் உணவு வேளை சுருங்கிக்கொண்டே வருகிறது. பதினைந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு அடுத்த தேர்வுக்கு ஓட வேண்டியிருக்கிறது. இது பிள்ளைகளின் வயிற்றுக்கும் தீங்கு, உறவுக்கும் தீங்கு.

அந்தத் திண்ணைக்கு இம்மாவட்டத்தில் தனிப்பட்ட முக்கியத்துவம் இருக்கிறது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதியாகவும், இஸ்லாமியர் சிறு தொகையினராகவும் வாழும் நிலம் இது. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்கும், சுசீந்திரம் தேரோட்டத்துக்கும், வைகுண்ட சுவாமி அவதார தினத்துக்கும் உள்ளூர் விடுமுறை விடப்படுவதால், எந்த மதத்துப் பிள்ளைக்கும் மற்ற மதத்தின் நாள்காட்டி மனப்பாடம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் கடற்கரையையும் உள்நாட்டையும் பிளந்தபோது, பெரியவர்கள் பேச்சற்றுப் பிரிந்து நின்றார்கள்; பள்ளிகள் திறந்ததும் பிள்ளைகள் பழைய பெஞ்சுகளில் பழைய இடங்களிலேயே சேர்ந்து அமர வேண்டியிருந்தது. அரசாங்கம் அமைக்கும் சமாதானக் குழுக்களால் இயலாத காரியத்தை வகுப்பறைப் பெஞ்சு தன் போக்கில் செய்துவிடுகிறது. ஆதலால், மத அடிப்படையில் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளுக்கு அனுப்பும் போக்கு வளர்ந்து வருவதை, அது எந்தத் தரப்பிலிருந்து வந்தாலும், நான் அச்சத்தோடு காண்கிறேன்.

இனி ஆட்டக்களம். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கால்பந்து மூச்சுக்காற்று. இரவிபுத்தன்துறை என்ற சிறிய மீனவ ஊரிலிருந்து புறப்பட்ட மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்திய அணிக்காக ஆடினார். தூத்தூர் வட்டாரத்து ஊர்கள் ஒவ்வொன்றிலும் அவரைப் போல ஆடத்துடிக்கும் சிறுவர்கள் மணலில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அந்த வட்டாரத்துக் குடும்பங்களைச் சூறையாடியது. தந்தையையும் அண்ணனையும் கடலுக்குப் பறிகொடுத்த பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்கு வந்து அதே காலை வரிசையில் நின்றார்கள். அத்தகைய பிள்ளையின் துக்கத்தை எந்த ஆலோசனை வகுப்பு தீர்க்கும் என்பது எனக்குத் தெரியாது. மாலையில் பந்தை உதைத்து, வியர்த்து, நண்பர்களோடு கத்தி ஓடுகிற ஒரு மணி நேரம் அதற்கு மருந்தாகும் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. அந்த ஒரு மணி நேரமே முதலில் பறிபோகிறது. உடற்பயிற்சி வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று தமிழக அமைச்சர் ஒருவரே வேண்டிக்கொள்ளும்படி நிலைமை முற்றியிருக்கிறது. கடன் என்று பெயர் சொல்லி எடுக்கிற அந்த மணியை எந்த ஆசிரியரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

நோயின் வேர் எங்கே? பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற விளம்பரப் பலகை பள்ளி வாசலில் ஏறியபோது நோய் தொடங்கியது. மருத்துவ நுழைவுத் தேர்வு வந்தபின் அது காய்ச்சலாக உயர்ந்தது. காலை ஏழு மணிக்குச் சிறப்பு வகுப்பு, மாலை ஆறு மணி வரை தேர்வு, ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி என்று விரியும் அட்டவணையில் ஓய்வுநாள் பள்ளிக்கே இடமில்லை. சபைப் பெரியவர்கள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளைக் காண்பது அரிதாகி வருகிறது. ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் மதத்தின் பெயரால் நடக்கும் பள்ளியே ஓய்வுநாளில் வகுப்பு வைக்கிறது என்றால், அந்நிர்வாகம் தன் மனச்சாட்சிக்கு என்ன மறுமொழி கூறும்? மதிப்பெண் குறைவான பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு நூற்றுக்கு நூறு காட்டும் பள்ளிகள் உண்டு. அவை கிறிஸ்தவப் பள்ளி என்ற பெயரைத் தாங்கத் தகுதியற்றவை என்று சொல்ல நான் தயங்க மாட்டேன். மயிலாடியில் முதல் பள்ளி தொடங்கியது, எவரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைக்காக.

பெற்றோர் தரப்பு நியாயத்தையும் நான் அறிவேன். ரப்பர் பால் வெட்டியும், கட்டட வேலைக்கு வளைகுடா நாடு சென்றும், முந்திரித் தொழிற்சாலையில் கை கறுக்க உழைத்தும் கட்டணம் கட்டுகிற தந்தையும் தாயும், தம் பிள்ளை மருத்துவராகவோ பொறியாளராகவோ செவிலியராகவோ ஆகி குடும்பத்தை உயர்த்த வேண்டும் என்று விரும்புவது பேராசையன்று. இரண்டு நூற்றாண்டாக இந்நிலத்து எளிய மக்களை உயர்த்திய ஒரே ஏணி படிப்பு என்பதை அவர்கள் தம் அனுபவத்தால் அறிந்தவர்கள். அவர்களிடம் போய், மதிப்பெண் வேண்டாம், பாட்டும் ஆட்டமும் போதும் என்று சொல்வது வசதி படைத்தவனின் வாய்ப்பேச்சாகவே முடியும். நான் கேட்பது அதுவன்று. வாரத்தில் நாற்பது பாடவேளைகள் இருந்தால், உடற்பயிற்சிக்கும், பாட்டுக்கும், கைத்தொழிலுக்கும், நூலகத்துக்கும், நீதிபோதனைக்கும் அட்டவணையில் ஏற்கனவே ஒதுக்கப்பட்டிருக்கும் ஐந்தாறு வேளைகளை அவற்றுக்கே விட்டுவைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. முப்பத்து நான்கு வேளைகளில் கற்பிக்க இயலாத கணக்கை நாற்பதாவது வேளையில் கற்பித்துவிடலாம் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எழுத்தும் ரேந்தையும் ஒரே நாளில் கற்ற சிறுமிகள் எழுத்தில் பின்தங்கிவிடவில்லை. அவர்களுள் பலர் ஆசிரியைகளாகி அடுத்த தலைமுறைச் சிறுமிகளுக்குப் பாடம் சொன்னார்கள்.

இவ்விஷயத்தில் மறைமாவட்டங்களுக்கும் திருச்சபைக்கும் துறவற சபைகளுக்கும் அரசைக் காட்டிலும் அதிகச் சுதந்திரம் உண்டு. சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்க அரசியல் சாசனத்தின் 30-ஆம் விதி உரிமை வழங்குகிறது. அந்த உரிமையை நியமனங்களுக்காகவும் சொத்துக்காகவும் நீதிமன்றம் ஏறி வாதாடிக் காப்பாற்றுகிறவர்கள், பள்ளியின் தனித்தன்மையைக் காப்பாற்றவும் அதைப் பயன்படுத்த வேண்டாமா? ராமன்புதூர் கார்மல் பள்ளியின் விரிந்த மைதானம் போல ஒன்றை இன்று புதிதாக எவராலும் வாங்கிவிட முடியாது; நம் முன்னோர் நிலத்தை நிலமாகவே விட்டுச் சென்றது பிள்ளைகள் ஓடுவதற்காகத்தான். அத்தகைய மைதானங்களின் ஓரங்களில் வணிக வளாகம் கட்டி வாடகைக்கு விடும் யோசனை எந்தப் பள்ளியில் எழுந்தாலும், பழைய மாணாக்கர்கள் அதை ஒருமனமாக எதிர்க்க வேண்டும்.

வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, தாளாளர்களும் தலைமை ஆசிரியர்களும் ஒரு சிறு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உடற்பயிற்சி, பாட்டு, கைத்தொழில், நூலகம் ஆகிய வேளைகளை எவர் பொருட்டும், எந்தத் தேர்வின் பொருட்டும் மாற்றுவதில்லை என்ற தீர்மானத்தை நிர்வாகக் குழுவில் நிறைவேற்றி, கால அட்டவணையோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பாட்டு ஆசிரியரும் தையல் ஆசிரியையும் ஓய்வு பெற்றபின் காலியாகவே கிடக்கும் இடங்களை, அரசு நிரப்பும் வரை, சபையின் காணிக்கையிலிருந்தேனும் நிரப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்துங்கள். பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்கச் செல்லும்போது சென்ற ஆண்டுத் தேர்ச்சி விகிதத்தை விசாரியுங்கள். கூடவே, உங்கள் பள்ளியில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிள்ளைகள் மைதானத்தில் இருப்பார்கள் என்றும் தவறாமல் கேளுங்கள்.